கடைசி வரிசை வெளிநடப்பு

"ஹலோ… ஆமாக்கா, வெளியிலதான் நிக்கிறேன்… டிவில பாத்தியா? நல்லா தெரிஞ்சேனா?… தலைவருக்குப் பின்னாடி, ரெண்டாவது தூண் பக்கத்துல, கையில அட்டையோட… அட்டை மட்டும் தெரிஞ்சுதா? சரி, அந்த அட்டையைப் பிடிச்சிருந்த கை என்னோடதுதான்."

சட்டமன்றத்தில் கடைசி வரிசையில் உட்காரும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு ஒரே ஒரு சலுகை உண்டு: வாசல் பக்கம். நான்கு வருடமாக வெளிநடப்பு என்றால் முதல் ஆளாக வெளியே வருகிறவர் அவர்தான். வந்ததும் கட்சித் தலைவரைச் சூழும் கூட்டம் அவரைத் தள்ளித் தள்ளித் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய்விடும். இன்றும் அப்படித்தான். அவைக் கதவுக்குப் பதினைந்து அடி தள்ளி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கோஷ அட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"டிவி முன்னாடி எத்தனை பேர் உக்காந்திருக்காங்க?… மொத்தப் பள்ளிக்கூடமுமா? எதுக்குக்கா, பாடம் கெட்டுப்போகும்ல… இல்ல, மறக்கல. மறப்பேனா?"

அக்கா அவருடைய தொகுதியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளிக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதன்மேல் இரண்டு மரப்பலகை. போன மழைக்கு மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதிலிருந்து சறுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். அங்கே ஒரு பாலம் வருமா என்று நான்கு வருடமாக உறுப்பினர் கேள்வி எழுதிப் போடுகிறார். எந்தக் கேள்வியை அவையில் எடுப்பது என்று போடும் குலுக்கலில் விழுந்ததே இல்லை. இந்த வாரம்தான் விழுந்தது. இன்றைக்கு, ஆறாவது கேள்வி.

"அக்கா, ஆறாவது எப்பவுமே வராது. நாலாவதுலயே மணி அடிச்சிடுவாங்க. அனுபவத்துல சொல்றேன்… என்னது, அஞ்சாவது ஓடுதா?… இருக்காதே. நல்லா பாரு… எப்படி அதுக்குள்ள?"

குறுக்கே பேச எதிர்க்கட்சி இல்லாததால், கேள்வி நேரம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு வெளிநடப்புன்னா… அது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம்… சொல்றேன், சொல்றேன், கத்தாத… எதிர்க்கட்சிக்காரங்களுக்குக் கேள்வி கேக்க வாய்ப்பே தர்றதில்லைன்னு… சிரிக்காத… அக்கா, பிள்ளைங்க முன்னாடி சிரிக்காத… யாரு கிளப்புனதா? கட்சிக் கூட்டத்துல முடிவு பண்ணினது… யாராவது ஒருத்தர் யோசனை சொல்லியிருப்பாங்க… ம்… ஆமா. நான்தான்… நேத்து தலைவர் 'யாருக்காவது ஏதாவது தோணுதா'ன்னு என் பக்கம் பாத்தார்க்கா. நாலு வருஷத்துல முதல் தடவை பாத்தார். வாயில அதுதான் வந்துச்சு."

அக்கா மூச்சு விடாமல் பேசினாள். உறுப்பினர் அட்டையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள போகலாம்தான். பதினஞ்சு அடி… ஆனா கொறடா பாத்துக்கிட்டிருக்கார்… கொறடான்னா, எங்க கட்சியில யாரு எப்ப எழுந்திருக்கணும்னு சொல்றவர்… ஆமா, உங்க டிரில் மாஸ்டர் மாதிரிதான். அவர் பேச்சை மீறினா அடுத்த தேர்தல்ல சீட்டு கிடையாது… சீட்டு பெருசா, பாலம் பெருசான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல… முன்வரிசைல யாரு?… அந்தப் பொண்ணா… கட்டுப் பிரிச்சாச்சா? இன்னும் மடக்க வரலையா?… சரி. சரிக்கா. போறேன். இரு, போனை வெச்சிடாத."

கொறடா மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் நேரம் பார்த்து உறுப்பினர் நகர்ந்தார். பத்து அடி யாரும் கவனிக்காமல் போய்விட்டது. நாலு வருடமாக யாரும் கவனிக்காததில் அன்றைக்கு ஒரு நாள் பலன் இருந்தது. மிச்ச ஐந்து அடியில் அவைக் காவலர் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க… தெரியும், போனை இங்கயே வெச்சிட்டுத்தான் போவேன்… அட்டையா? அட்டையோட போகக் கூடாதுன்னா இதை எங்க வைக்க?… தரையில எப்படிண்ணே, அங்க கேமரா இருக்கு. கோரிக்கையைக் கீழ போட்டுட்டாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்… ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க பிடிச்சுக்கங்களேன்… ஓ. அரசு ஊழியர் கோஷ அட்டை பிடிக்கக் கூடாதா. அதுவும் நியாயம்தான்… சரி, சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சா?… என்னக்கா?… கூப்பிட்டுட்டாங்களா?… ரெண்டு தடவையா… 'உறுப்பினர் அவையில் இல்லை'ன்னு சபாநாயகரே சொன்னாரா."

அட்டை அவர் கையிலேயே இருந்தது. காவலர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

"முடிஞ்சுதுக்கா… பிள்ளைங்ககிட்ட எதையாவது சொல்லிச் சமாளி… யாரு எழுந்திருக்கா?… வழுக்கை, தடிச்ச மீசையா? அவர் என் பக்கத்து இருக்கைக்காரர். ஆளுங்கட்சிதான், அந்தப் பக்கம் இடம் பத்தாம எங்க வரிசைல உக்கார வெச்சிருக்காங்க. நல்ல மனுஷன். இத்தனை வருஷத்துல கொட்டாவி விடுறதைத் தவிர வாயைத் திறந்ததில்ல… கையில என்ன வெச்சிருக்கார்?… நீல ஃபைலா?"

உறுப்பினர் தன் கைகளைப் பார்த்தார். அட்டை மட்டும்தான் இருந்தது.

"அது என் ஃபைலுக்கா… அட்டைக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு, இருக்கையிலயே வெச்சிட்டேன்… எனக்குப் பதிலா அவர் கேக்கலாம்னு சபாநாயகர் விட்டுட்டாரா?… என்ன படிக்கிறார்?… 'பலகையின் அகலம் முக்கால் அடி என்பது அமைச்சருக்குத் தெரியுமா'… அது நான் மூணு நாள் அடிச்சு அடிச்சு எழுதினது… நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாரா? நிறுத்துவார். எங்கெங்க நிறுத்தணும்னு சிவப்புல கோடு போட்டிருக்கேன்… அமைச்சர் என்ன சொல்றார்?… ம்… ம்… கல் பாலமா?… அடுத்த மாசமேவா… அது என்ன சத்தம்? பிள்ளைங்களா?… தட்டட்டும், நல்லா தட்டட்டும்… சந்தோஷம்தான்க்கா. நெசமாவே… குரலா? குரலுக்கு ஒண்ணும் இல்ல, இங்க தூசி."

தூண் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவையின் தாழ்வாரத்தைத் தினமும் இரண்டு வேளை துடைக்கிறார்கள்.

"இன்னும் உக்காரலையா அவர்?… போட்டோவா? நீ எடுத்ததா? நான் பலகைல வழுக்கி இடுப்பளவு தண்ணில நிக்கிறேனே, அதையா?… தூக்கிக் காட்டுறாரா… போகட்டும்க்கா, அதுலயாவது என் மூஞ்சி தெரியுதுல்ல. நான்னு சொன்னாரா?… 'பாவம், இந்த ஏழை முதியவர்'… எனக்கு அம்பத்திரண்டுதான்க்கா… அமைச்சரும் வருத்தப்பட்டாரா?… எல்லாரும் மேஜையைத் தட்டினாங்களா, அந்த முதியவருக்காக… நாலு வருஷத்துல இப்பதான்… சரி விடு. பிள்ளைங்களுக்காவது தெரியுமா, அது நான்னு?… அந்தப் பொண்ணு என்ன கேக்குறா?… அந்தத் தாத்தாவுக்குச் சளி பிடிச்சுதான்னா கேக்குறா?… இல்லைன்னு சொல்லு. நல்லா இருக்கார்னு சொல்லு… அப்படியே, யாருன்னும் ஒரு வார்த்தை… அக்கா? அக்கா?"

பள்ளியின் இடைவேளை மணிச் சத்தத்தோடு இணைப்பு போய்விட்டது. தூரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்ட கொறடா, தலைவர் பேசப்போகிறார் என்று கையைத் தூக்கிக் காட்டினார். 'எங்களைக் கேள்வி கேட்க விடு' என்ற அட்டையை உறுப்பினர் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார், கேமராவுக்குத் தன் முகம் தெரியாதபடி.