கூழ்த் தொட்டியில் சுஹைர்

பின்னேரம் ஆறே கால். எத்தாளை ஊருக்கு அப்பால் உப்புக் களப்போரத்து மணல் றோட்டு. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை... காற்றில் அழுகின முட்டை நாற்றம் மட்டும்.

நடந்து போனவர் நம்முடைய கூட்டாளி ஜபாரின் மாமா தாஹிர். இந்தக் கதையை எடுத்தால் ஜபார் எழும்பிப் போய்விடுவான்.

அது இரண்டாம் உலக யுத்த காலம், பெற்றோல் கிடையாது. அங்கே கடதாசிக் கொட்டில் வைத்திருந்த துரைக்கு ஒரு பைத்தியம். வைக்கோலில் கடதாசி செய்து மிஞ்சும் கழிவுக் கூழைப் புளிக்கவைத்து, லொறிக்கு ஸ்பிரிட் வடிக்கவேண்டுமாம். கூழ் லேசில் புளிக்குமா? முதலில் அசிட் ஊற்றி இளக்கவேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டு அசிட்டை முறிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் புளிக்கவைக்கக் கள்ளு மண்டி. நம்மவர்கள் கள்ளைத் தொடமாட்டார்கள், அது கூட வேலை செய்யும் மனுவேலின் வேலை.

நிலத்தில் தோண்டிய தொட்டி. அதிலிருந்து விஷக் காற்று எழும்பும், பக்கத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது. தம்பி சுஹைரை அனுப்பிவிட்டு ஐந்தரைக்கு அங்கே நிற்கவேண்டியவர் தாஹிர். பாழாய்ப்போன மனுசன், அயர்ந்து தூங்கிவிட்டார்.

ஓட்டமும் நடையுமாகப் போகிறார்... எதிரே சுஹைர் வருகிறான். சாரம் நனைந்து, சொட்டுச் சொட்டாக.

"வேலை முடிஞ்சிது நானா. நீங்க போகத் தேவல்ல."

பசிக்கிறது என்று வீட்டுப் பக்கம் போய்விட்டான். தாஹிருக்கு அப்பாடா என்றிருந்தது. றோட்டோரம் குந்தி, ஆறுதலாக ஒரு பீடி குடித்தார். முழுப் பீடி.

அப்போதுதான் மனுவேல் ஓடிவந்தான். சுஹைர் தொட்டிக்குள் விழுந்துவிட்டான் என்றான். தாஹிர் சிரித்தார், இப்போதுதானே கதைத்தேன் என்றார். மனுவேல் அழுதுகொண்டே கையைப் பிடித்து இழுத்தான்.

தொட்டியடியில் நாற்றமே இல்லை. அப்படி மூக்குக்குத் தெரியாமல் போனால் ஓடிவிடவேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கூழுக்கு மேலே ஒரு கை... விரல்கள் அசைந்தன. உயிர் இருக்கிறது!

குதிக்கப் போனவரை மனுவேல் இடுப்போடு கட்டிப் பிடித்தான். இறங்கினால் இரண்டு மையத்து. கயிறு எறிந்தார்கள். எட்டவில்லை. மறுபடி எறிந்தார்கள்... கையிலேயே விழுந்தது. விரல்கள் பிடிக்கவில்லை. அண்ணன்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை மெல்ல மெல்ல ஓய்ந்தது. ப்ளக்... ஒரு குமிழி. அவ்வளவுதான். அந்தப் பீடி நேரத்தை நினைத்து அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

கொக்கி போட்டு எடுத்து, பாயில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுஹைரின் பெண்சாதி ஜுனைதா விளக்கோடு வாசலுக்கு வந்தாள். மெல்லக் கதைக்கச் சொன்னாள். புருஷன் மஃரிப் தொழுகை நேரத்துக்கே வந்து, சோறு தின்று, இப்போதுதான் கண்ணயர்ந்தாராம்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சென்றது... திரைக்குப் பின்னால் சுஹைரின் குரல்.

"நானா... ஆருட மையத்து அது?"