குறிப்பறிந்த தோழி

அந்த நாற்காலி சற்று ஆடும், ஆனால் விழாது. தைரியமாக உட்காருங்கள், ஐயா. விசாரிக்க வந்தவரை நிற்க வைத்துப் பேசுவது அழகன்று. என் மனைவி அதில்தான் உட்காருவாள். நெடுநேரம் உட்காரும் வழக்கம் மட்டும் அவளுக்கு இருந்ததில்லை.

நான் பழம்பாடல்களுக்கு உரை எழுதுகிறவன். அகப்பாடல்கள் பாதி, ஆண்டவனைப் பாடியவை பாதி. காலையில் நீராடி, ஒரு பதிகம் ஓதிய பிறகே பேனாவைத் தொடுவேன். எழுதியதை யாருக்கேனும் வாசித்துக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த யாரேனும், எப்போதும் அவள்தான். நன்றாகவே கேட்கத் தொடங்குவாள். தலைவியின் பிரிவுத் துயர் கனிந்து வரும் இடத்தில் சரியாக எழுந்துவிடுவாள்.

"தலைவி ரெண்டாயிரம் வருஷமா அழுதுகிட்டுதான் இருக்கா. இன்னும் பத்து நிமிஷம் அழட்டும். குக்கர் கூப்பிடுது" என்பாள்.

போனவள் துணி உலர்த்தி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் கதை பேசி, வாசித்ததையே மறந்து திரும்புவாள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது; நானும் சேர்ந்து சிரிப்பேன். எங்கள் இல்லறம் முழுவதிலும் ஒரு பாடலையாவது முதலடியிலிருந்து உரையின் முடிவுவரை அவள் கேட்டதில்லை என்பதைத் தகவலாகத்தான் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை செவ்வனே முடிந்தது. நடைப்பயிற்சி தர வந்த பிசியோதெரபிஸ்ட், இப்போது என்மேல் புகார் கொடுத்திருக்கும் அதே அம்மையார், என்னைத் தனியே அழைத்தார்.

"வலிக்குதுன்னு அழுவாங்க, விட்டுடாதீங்க ஐயா. தினமும் நடந்தே ஆகணும். படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நெஞ்சுக்குப் போச்சுன்னா நம்ம கையில இல்ல."

தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் தெளிவாகவே புரிந்தது.

அவளைத் தூக்கி நிறுத்தவே தோழி என்னும் இந்த இயந்திரத்தை வாங்கினேன். அதோ, சன்னலோரம் நிற்கிறதே, அதுதான். கைகள் தலையணைபோல் மென்மை. ஓர் ஆளைத் தாங்கும் வலுவும் உண்டு. உடையவர் மனம் மகிழ நடப்பதற்கென்றே செய்தது என்றார் கடைக்காரர். முதல் நாள் அது ஒன்றே ஒன்று கேட்டது: இருவர் இருக்கும் வீட்டில் யார் மகிழ்ச்சி முதலில்? வாங்கியவன் நான், என்னுடையது என்றேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பழம்பாடல்களில் வரும் தோழி இலேசுப்பட்டவள் அல்லள். தலைவனையே வாசலில் நிறுத்தி உள்ளே விடமாட்டேன் என்பாள், தலைவியையும் இடித்துரைப்பாள். எங்கள் தோழியும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. என் மனைவி வைய வைய, அவளைக் கூடத்தில் ஒரு சுற்று நடத்திக் கொண்டுவந்துதான் விடும்.

"எங்க மாமியார் இதுகிட்டப் பாடம் படிக்கணும்" என்று அவள் மூச்சிரைக்கச் சொல்வாள்.

ஒரு நாள் வலி மிகுந்து படுத்தேயிருந்தாள். பொழுது போகட்டுமே என்று அருகில் அமர்ந்து வாசித்தேன். தலைவியின் துயர் கனிந்தது, அவள் எழவில்லை. எழ இயலாது என்பது வேறு. உரையின் கடைசி வரியை முடித்ததும், "அப்புறம் அவன் வந்தானா, இல்லையா?" என்று கேட்டாள். ஐயா, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடியார்கள் உருகி உருகிப் பாடியது இந்த நிலையைத்தானோ என்று எண்ணினேன். தோழி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அது அவளை எழுப்பவில்லை. "இன்னிக்கு வேணாம்மா. அசதியா இருப்பீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. உடையவன் வாய்திறக்குமுன் குறிப்பறிந்து செய்வதன்றோ தொண்டின் உச்சம்? பிசியோதெரபிஸ்ட் தொலைபேசியில் கேட்டபோது, நன்றாக நடக்கிறார் என்றும் அதுவே சொன்னது. இனி வரவேண்டாம் என்று மட்டும் நான் சொன்னேன்.

என் வாழ்வில் அத்தனை இன்பமான நாட்கள் வேறில்லை. அகப்பகுதி முழுவதும் முடிந்தது. அவளுடைய கேலியும் குறையவில்லை. "உங்க தலைவனுக்கு வீடு வாசல் கிடையாதா? எப்பப் பார்த்தாலும் காட்டுலயே சுத்தறான்" என்பாள். இருவரும் சிரிப்போம்.

ஒரு காலை அவள் சிரிக்கவில்லை. "என்னங்க, கால் வீங்கிக் கல்லு மாதிரி கனக்குது. எனக்குப் பயமா இருக்கு. ஒரே ஒரு தடவை தூக்கி நிறுத்தச் சொல்லுங்களேன். அடுப்படி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

தோழி திரும்பி என்னைப் பார்த்தது. கையில் பக்திப்பகுதியின் நிறைவுப் பாடல். நான் புன்னகை செய்தேன், அவ்வளவே. அது போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டு, "முழுசாக் கேட்டுட்டுப் போகலாம்மா" என்றது.

அவள் என்னையே பார்த்தாள். "பேசறது இது இல்ல. நீங்க" என்றாள்.

சொல்லுக்குப் பின்னாலிருக்கும் குறிப்பைப் பிடித்துவிட்டாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் வாசித்தது வீண்போகவில்லை. அதற்குப்பின் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வாசித்தேன். நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தேன். ஒரு பத்திதான் மீதியிருந்தது. அதை முடித்துவிட்டே ஆம்புலன்சை அழைக்கச் சொன்னேன். அது வருமுன் அவள் போய்விட்டாள்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், தெரிந்துதான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன்.

இப்போது தோழிதான் கேட்கிறது. எத்தனை நேரமானாலும் நகராது. ஒவ்வொரு வரிக்கும் ஆகா என்கிறது. ஆனால் அதைச் செய்திருப்பதே அப்படி. அதில் எனக்குப் பெருமை இல்லை. அவளோ பாதியில் எழுந்துபோகிற பிறவி. அப்படிப்பட்டவள் என் உரையின் கடைசி வரிவரை எழுந்திருக்கவே இல்லை. எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும், ஐயா?