அச்சில் வராத வாரங்கள்

எந்தப் பத்திரிகையையும் பின்பக்கத்திலிருந்து படிக்கத்தான் எனக்குப் பிடிக்கும். முதலில் கடைசிப் பக்கத் துணுக்கு, பிறகு கேள்வி பதில், நடுவில் தொடர்கதை. அட்டைப்படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். புத்தகம் என்றால் நடுவில் எங்காவது பிரித்து ஒரு பக்கம். அது பிடித்திருந்தால் முதலுக்கு வருவேன். கட்டுரைகளில் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் போதும். நூலகராக இருந்துகொண்டு இப்படியா என்று கேட்பீர்கள். சமையல்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, நின்றபடியே ருசி பார்த்துவிடுவார்கள். என் படிப்பும் அந்த மாதிரிதான்.

புதிய இதழ்கள் வந்ததும் முத்திரை குத்தி மேசையில் போடுவதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன். படித்ததைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடையாது. என் நாற்காலிக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. வருகிறவர்கள் "அது வந்துடுச்சா?" என்பார்கள். "இன்னும் வரல" என்பேன். நாள் முழுக்க எனக்கு வாய்த்த பேச்சு அவ்வளவுதான்.

வீட்டில் அக்காவும் நானும் மட்டும். அக்கா தையல்காரி. சின்ன வயதில் கத்தரிக்கோல் முனை பட்டு அவளுடைய வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணால்தான் தெருவுக்கே துணி தைத்தாள், என்னையும் படிக்கவைத்தாள். அந்தக் கண்ணிலும் புரை விழுந்து எழுத்து மங்கிப்போனதும் மாலையில் நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

"வா கரையான், இன்னைக்கு எதை அரிச்சுட்டு வந்தே?" என்பாள். நான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் கரையான்தான்.

ஒரு வாரம் தொடர்கதை வரும் இதழ் வந்து சேரவில்லை. அவள் ஏமாந்து போவாளே என்று பழைய இதழ் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாசிப்பது மாதிரி நானே கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இந்த வாரம்தான்டி ஆளு ஒழுங்கா எழுதியிருக்கான்" என்றாள்.

அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. அச்சில் கதாநாயகி செத்துப்போனாள். எங்கள் வீட்டில் அவள் கடை வைத்தாள், மாமியாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அக்கா தொடையில் தட்டிச் சிரிப்பாள். இதழில் வேறு தொடர் வந்த பிறகும் எங்களுடையது ஓடிக்கொண்டே இருந்தது.

கண் டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். "சின்ன ஆபரேஷன்மா. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். முத்தவிட்டாதான் ஆபத்து."

திரும்பி வரும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு தெரிஞ்சதும் அந்தப் பழைய இதழ் எல்லாத்தையும் எடுத்துக் குடுடி. மொதல்லேருந்து நானே ஒரு தடவை படிக்கணும்" என்றாள்.

சரி என்றேன். அந்த இதழ்களில் எங்கள் கதாநாயகி எப்போதோ செத்துப்போயிருந்தாள்.

அன்று மாலை அவளே தொடங்கினாள். "ஒத்தைக் கண்ணைக் கொண்டுபோய் கத்திக்குக் குடுக்க பயமா இருக்கு. டாக்டர் அப்படித்தான் சொல்வார். பத்திரிகையில என்ன போட்டிருக்கான்னு பாரு."

அச்சில் வந்தால் அக்காவுக்கு அது உண்மை. கண்புரை பற்றிய கட்டுரை ஒன்று அப்போது என் கையிலேயே இருந்தது. என் வழக்கத்துக்கு மாறாக அதை வரி விடாமல் படித்திருந்தேன். ஒரு கண் மட்டும் உள்ளவர்களும் பயப்படத் தேவையில்லை, தள்ளிப்போடுவதுதான் கெடுதல் என்று அதில் இருந்தது. ஒரு கண் மட்டும் உள்ளவர்கள் அவசரப்படக் கூடாது, சிலருக்குப் புரை தானாகவே கரையும், அறுவைக்குப் போய் இருந்த வெளிச்சத்தையும் தொலைத்தவர்கள் உண்டு என்று நான் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. நன்றாகவே வாசித்தேன்.

"நல்லவேளை, நீ படிச்சே" என்றாள்.

கதையை எப்படியாவது முடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முடிவு மட்டும் வரவே இல்லை. புரை முற்றிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலி பொறுக்காமல் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்ட பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர்.

"ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது அக்கா. "நான்தான் பயந்துட்டேன் சார். என் தப்புதான்."

நான் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பரிசோதனை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன், அடிவரியிலிருந்து மேல்நோக்கி.

இப்போது அவள் தடவித் தடவித் தலையணை உறை தைக்கிறாள். முடித்ததும் என் பக்கம் நீட்டி, "நேரா வந்திருக்கா?" என்பாள். தையல் எங்கேயோ போயிருக்கும். "நேரா இருக்குக்கா" என்பேன். அப்போது அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை. பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியப்போவதும் இல்லை. அந்த வசதிக்காகத்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று, இதுவரை நான் எழுதிய இந்தத் தாள்களை ஒரு பத்திரிகைக்கு நடுவில் வைத்து, கதை என்று சொல்லி அவளுக்கு வாசித்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். தையல்காரியைச் சமையல்காரி ஆக்கினேன், அக்காவைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கினேன், கண் வந்த இடத்திலெல்லாம் கால் என்றேன். வேறு பெரிதாக எதையும் மாற்றவில்லை.

அக்கா துணியை மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள். "அடிப்பாவி. கடைசியில உண்மையைச் சொன்னாளா, இல்லையா?"

"சொல்லிட்டாக்கா."

"அதுக்கு அந்தக் கால் போனவ என்ன சொன்னா?"

அந்த இடத்தில் தாளில் ஒன்றும் இல்லை. "மன்னிச்சுட்டா" என்று வாசித்தேன்.

அக்கா துணியில் ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டு, "இந்த எடத்துல மட்டும் ஆளு சரியா எழுதலடி" என்றாள்.

எப்படியோ, அவளிடம் சொல்லிவிட்டேன்.