மூன்றாவது தடவை கேட்கும்போது

— கதவைச் சாத்திட்டேன். பொண்ணுக்கு முக்காடு நழுவுது, ஊக்கு குத்தணும்னு சொல்லி எல்லாரையும் முன்னறைக்கு விரட்டியாச்சு. இப்போ சொல்லு, என்னதான் முடிவு பண்ணியிருக்கே?

— முடிவு மாறல, அத்தை. சம்மதமான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்வேன்.

— மெதுவாப் பேசுடி. இந்த வீட்டுச் சுவத்துல இருக்கறதெல்லாம் உங்கம்மாவோட காது.

— மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்தக் கதி. பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துப்பாங்க. அதனால வாயைத் திறந்து, திரைக்கு அந்தப் பக்கம் நிக்கற சாட்சிங்க ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும். பொண்ணு சம்மதம் இல்லாம நிக்காஹ் செல்லாது. மார்க்கமே எனக்குக் கொடுத்த உரிமை அது.

— மார்க்கம் கொடுத்துச்சு, ஆமா தாயே. அதை உன் கையில சேர்க்க வேண்டியது யாரு? உங்கப்பா, உங்க பெரியப்பா, உங்க அண்ணன். வேற ஆளு கிடைக்கல பாரு.

— நீங்களே இப்படிப் பேசலாமா? போன மாசம் ரேடியோவுல, பெண்கள் நேரத்துல, என் கதையை வாசிச்சது யாரு? அந்தப் பொண்ணு திரைக்குப் பின்னாடி இருந்து "எனக்குச் சம்மதமில்லை"ன்னு சொன்ன இடத்துல...

— அந்த இடத்துல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு பண்றவரே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். உருது நிகழ்ச்சிக்கு இத்தனை போன் வந்ததே இல்லைன்னாங்க. எல்லாப் பொம்பளைங்களும் அழுதாங்களாம். அழுதுட்டு எழுந்து போய் அடுப்புல என்ன கருகுதுன்னு பார்த்தாங்களாம்.

— நான் அடுப்பைப் பார்க்கப் போகமாட்டேன்.

— அது கதை, ராஜாத்தி. நீ சொல்ல வச்சே, அவ சொன்னா. அதுக்கு அடுத்த பக்கத்தை நீ எழுதல.

— எழுத விட்டாத்தானே? எழுதினது உங்க பொண்ணுதான்னு யாரோ அப்பாகிட்டப் போட்டுக் குடுத்துட்டாங்க. உடனே மரக்கடைக்காரர் மாப்பிள்ளையா வந்து உட்கார்ந்துட்டார். அவர் வயசைக்கூட நான் சொல்லல, அத்தை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வரி எழுதக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டாரே, அதான் என்னால தாங்க முடியல.

— தெரியும்.

— அதான், சொன்ன கையோட பின்வாசல் வழியாப் போயிடுவோம். உங்க ரேடியோ ஸ்டேஷன் வண்டி சந்து முனையில நிக்குதுல்ல?

— நிக்குது. பின்வாசல்ல உங்க அண்ணன் உட்கார்ந்திருக்கான்.

— எதுக்கு, செருப்புக்குக் காவலா?

— சிரிக்காதே. கறி வெட்டற கத்தியை வச்சுத் தீட்டிக்கிட்டு இருக்கான்.

— விருந்துக்கு ஒத்தாசை பண்றானா இருக்கும்.

— சமையல் நடக்கறது முன்னாடி, பந்தல்ல. இவன் பின்னாடி தனியா உட்கார்ந்திருக்கான். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. என்னைப் பார்த்து, "உள்ளே எல்லாம் ஒழுங்கா நடக்கும்ல, அத்தை?"ன்னு கேட்டான். அந்தப் பார்வையை நான் இதே வீட்டுல முன்னாடியே பார்த்திருக்கேன்.

— யாருகிட்ட?

— உங்கப்பாகிட்ட. உங்க பெரிய அத்தை நிக்காஹ் அன்னைக்கு.

— மாடியிலேர்ந்து தவறி விழுந்து போனாங்களே, அவங்களா?

— அவதான். அவகிட்டயும் இப்படித்தான் கேட்டாங்க. அவ இல்லைன்னு சொல்லிட்டா. தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிட்டாங்க. யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டல. எங்கம்மா தட்டுல சோறு போட்டுக் குடுத்தாங்க, அவளும் சாப்பிட்டா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, இவ்வளவுதானா, தப்பிச்சுட்டான்னு. அந்த வருஷம் மழை பிடிக்கறதுக்குள்ள, மாடியிலேர்ந்து விழுந்துட்டான்னு சொன்னாங்க.

— அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க, அத்தை.

— அப்போ இந்த வீட்டுக்கு மாடியே கிடையாதுடி.

— என்ன சொல்றீங்க?

— உங்கப்பா மாடி கட்டினதே அதுக்கப்புறம்தான்.

— இத்தனை வருஷமா ஏன் யாருகிட்டயும் சொல்லல?

— என் நிக்காஹ்ல என்கிட்ட கேக்க வந்தப்போ, அவங்க கேட்டு முடிக்கறதுக்குள்ளேயே நான் சம்மதம்னுட்டேன். அப்படிச் சொல்லிப் பொழைச்சவ எந்த வாயால ஊர்ல போய்ச் சொல்றது? என்னைக் கட்டின மனுஷர் கண்ணை மூடினப்புறம்தான் எனக்கு ரேடியோ. அதுவும், மூஞ்சி வெளியே தெரியாதேன்னு விட்டாங்க.

— எனக்கு நீங்கதான் தைரியமே. முதல் கதையை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? நேரமாயிடுச்சு, அம்மா கொன்னுடுவாங்கன்னு அழுதேன். நீங்க அப்படியே என் குரல்ல அம்மாவுக்குப் போன் போட்டு, "கூடப் படிக்கிறவ வீட்டுல இருக்கேம்மா, பரீட்சைக்குப் படிக்கிறோம்"னீங்க.

— சளி பிடிச்சிருக்கான்னு வேற கேட்டாங்க உங்கம்மா. ரெண்டு தடவை இருமிக் காட்டினேன்.

— பெத்தவளுக்கே வித்தியாசம் தெரியலையேன்னு நாம எப்படிச் சிரிச்சோம்! ...அத்தை, அழறீங்களா?

— புகை. பந்தல்ல அடுப்பு மூட்டியிருக்காங்கல்ல. கையைக் குடு இப்படி. ஐயோ, ஜில்லுன்னு இருக்கே.

— பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிடுவேன். செத்தாலும் என் வாயால சொல்லிட்டுத்தான் சாவேன்.

— அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே, உனக்குப் புண்ணியமாப் போகும். ஒருத்தியைக் குளிப்பாட்டி அடக்கத்துக்கு அனுப்பின கை இது. இன்னொருத்திக்கு என் உடம்புல தெம்பு இல்ல.

— அப்போ என் பக்கத்துலேயே இருங்க. அது போதும் எனக்கு.

— இருக்கேன். எங்கே போகப்போறேன்? சரி, சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லு. முதல் தடவை கேக்கும்போது வாயைத் திறக்காதே, வெட்கம்னு நினைச்சுப்பாங்க. ரெண்டாவது தடவையும் திறக்காதே. கூடத்துல பேச்சு அடங்கும், எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க. மூணாவது தடவை சொல்லு. மைக் முன்னாடி எடுத்த எடுப்புல கத்தறவ குரல் யார் மனசுலயும் நிக்காது.

— என் கதையிலயும் அவ மூணாவது தடவைதான் சொன்னா.

— அதான் சொல்றேன். அதுவரைக்கும் மூச்சை இழுத்து அடிவயித்துல பிடிச்சுக்கோ. உதட்டைப் பிரிக்காதே.

— சரி. நீங்க ஏன் திரைகிட்டப் போறீங்க?

— வர்றாங்களான்னு பார்க்க வேண்டாமா? உஷ். வந்துட்டாங்க.

— க்கும்... பாப்பா, பெரியப்பா வந்திருக்கேன்மா. சாட்சிங்க ரெண்டு பேரும் என் பக்கத்துல நிக்கறாங்க. மரக்கடைக்காரரை, பொண்ணுக்குத் தர்றதாப் பேசின மஹர் பணத்துக்கு, நிக்காஹ் பண்ணிக்க உனக்குச் சம்மதமா?

— மூச்சைப் பிடி, கண்ணு. இன்னும் இல்ல.

— குழந்தை வெட்கப்படுது போல. பரவாயில்ல, நிதானமாச் சொல்லு. ரெண்டாவது தடவை கேக்கறேன், பாப்பா. உனக்குச் சம்மதமா?

— அத்தை, அடுத்ததுதானே?

— உஷ்.

— சம்மதம், பெரியப்பா.

— அல்ஹம்துலில்லாஹ்! சாட்சிங்க கேட்டீங்களா?

— கேட்டோம். பொண்ணு குரல்தான். தெளிவாக் கேட்டுச்சு.

— நல்லது. யாராவது பின்வாசலுக்குப் போய் அவன்கிட்டச் சொல்லுங்கப்பா. கத்தியை வச்சுட்டு வந்து சாப்பிடட்டும்.

— அத்தை... நான் இன்னும் வாயே திறக்கலையே.