முப்பத்திரண்டாவது அட்டை

— இந்தச் சேப்பல் பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன் மெலெரி, என் வாயிலருந்து இதுவரைக்கும் ஒரு பொய் வந்ததில்ல. இனிமேலும் வராது. சத்தியம்.

— சத்தியமெல்லாம் அப்புறம் கொரோன்வி மாமா. மொதல்ல இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க. மெதுவா.

— எழுதி வச்சுக்கோ. ஒருத்தருக்கு ஊர் வச்ச பட்டப்பேர் ஊருக்கே தெரியும். அந்த ஒருத்தருக்கு மட்டும் தெரியாது. எங்க லான்வெரின் ஊர்ல இதுதான் வழக்கம். பொறந்தப்ப வச்ச பேர் எதுக்கு உதவும்? கடைத்தெருவுல நின்னு ‘ஜோன்ஸ்’னு கூப்பிட்டா பதினாறு பேர் திரும்புவாங்க, ஒரு நாயும் திரும்பும். அதனாலதான் பட்டப்பேர். ஆனா முதுகுக்குப் பின்னாலதான்.

— இதை ஏன் மாமா பதினோரு மாசமா எங்கிட்ட சொல்லல?

— நீ கேக்கல.

— முப்பத்தொரு பேரோட படத்தை ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி இந்தச் சுவத்துல மாட்டியிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் கீழ அவங்கவங்க பட்டப்பேரைக் கொட்டை எழுத்துல அச்சடிச்சு ஒட்டியிருக்கேன். மணி ரெண்டாகப் போகுது. மூணு மணிக்குக் கண்காட்சி. அந்த முப்பத்தொரு பேரும் இந்தக் கதவு வழியாத்தான் உள்ள வருவாங்க!

— மழை பெய்யுது. இருபத்தெட்டு பேர்தான் வருவாங்க.

— சிரிக்காதீங்க மாமா.

— நான் எங்க சிரிச்சேன்? என் மூஞ்சியே இப்படித்தான்.

— என்ன செய்வாங்க? திட்டுவாங்களா?

— சேச்சே. எங்க ஆளுங்க திட்ட மாட்டாங்க. அதைவிட மோசம். ரொம்ப மரியாதையா உன்கூட இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க.

— ஐயோ.

— நாலு பேர் எங்க வெல்ஷ் பாஷையில பேசிச் சிரிச்சிட்டிருப்பாங்க. நீ உள்ள வந்ததும் குழாயை மூடின மாதிரி நிறுத்திட்டு, ‘இன்று மழை சற்று அதிகம், இல்லையா?’ன்னு இங்கிலீஷ்ல...

— அது எனக்குத் தெரியும் மாமா! வந்த புதுசுல பத்து மாசம் அதுதானே நடந்துச்சு? கார்டிஃப் நகரத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச வெல்ஷை வச்சுக்கிட்டு நான் ரொட்டி கேப்பேன், அவங்க இங்கிலீஷ்ல ரொட்டி குடுப்பாங்க. போன மாசம்தான் ரொட்டிக்கடை எலூனெட் அம்மா மறந்துபோய் எங்கிட்ட தன் மூட்டுவலியைப் பூரா வெல்ஷ்லயே சொன்னாங்க. வெளிய வந்து கார்ல உக்காந்து அழுதேன்.

— மூட்டுவலிக்கா?

— சந்தோஷத்துல! எங்க அப்பா வீட்டுல பேசாம விட்ட பாஷை மாமா அது. எங்கிட்ட திரும்பி வந்து நாலே வாரம் ஆகுது. அந்த அம்மா படத்துக்குக் கீழ நான் என்ன போட்டிருக்கேன் பாருங்க. ‘தும்மல் எலூனெட்.’

— அது நியாயமான பேர்தான். அறுபத்திரண்டாம் வருஷம். இதே சேப்பல். நான் மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கேன், எலூனெட்டுக்கு அப்பப் பத்து வயசு. போதகர் நரகத்தைப் பத்தி நல்லா சூடா சொல்லிட்டிருக்கார். இவ ஒரு தும்மல் போட்டா பாரு. சேப்பல்ல இருந்த அத்தனை பேர் கையிலயும் பாட்டுப் புத்தகம் படபடன்னு புரண்டு, நூத்திப்பதினாலாம் பக்கத்துல வந்து நின்னுச்சு. எல்லார் புத்தகமும். ஒரே பக்கம். போதகர் இது ஆண்டவன் கட்டளைன்னுட்டார். அன்னைக்கிருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தப் பாட்டுத்தான். கண்ணால பாத்தேன்.

— அதை அவங்க சுவத்துல படிக்கப் போறாங்க மாமா. அதுதான் விஷயம்.

— படத்தைப் பாத்தாலும் அப்படித்தானே தெரியுது? வாய் தொறந்து, கண்ணு மூடி. ஏம்மா, எல்லாரையும் ஏன் பல்வலிக்காரங்க மாதிரியே எடுத்திருக்க?

— மொழியைப் படம் எடுக்கணும்னு வந்தேன். மொழியை எங்க போய் எடுக்கறது? பெயர்ப் பலகையை எல்லாரும் எடுத்தாச்சு. அதனால பேசிட்டிருக்கற வாயை எடுத்தேன். நாக்கு பல்லுக்குப் பின்னால போற அந்த நொடியை. அப்படியே ஊர் வச்ச பேரையும் கீழ போட்டா, பேசற மொழியே சுவத்துல நின்ன மாதிரி இருக்கும்னு நினைச்சேன். மேசை மேல ஒரு கத்தி இருக்கு, எடுங்க. அட்டையைப் பிச்சு எடுத்துடலாம்.

— பிச்சேன். நீ காபி குடிக்கப் போனப்ப ‘வாசப்படி வில்’ அட்டையில ஒரு மூலையைப் பிச்சுப் பாத்தேன். படத்துல இருந்த வில்லோட ஒரு செருப்பும் சேர்ந்து வந்துடுச்சு.

— என்ன பசை வச்சேன் நான்! தாளை வச்சு மறைக்கலாமா?

— முப்பத்தொரு படத்துக்கும் கீழ தாள் ஒட்டியிருந்தா, வர்ற ஆள் மொதல்ல என்ன செய்வான்? தாளைத் தூக்கிப் பாப்பான். வில்லைப் பத்தி நீ கவலையே படாத. அவன் யார் வீட்டு வாசப்படிக்கும் வருவான், உள்ள வரமாட்டான். ஒருதரம் மேக்னா வீட்டு வாசப்படியில நின்னு பேச ஆரம்பிச்சவன் எவ்வளவு நேரம் நின்னான் தெரியுமா? தபால்காரர் அவன் சட்டைப்பையில கடுதாசி போட்டுட்டுப் போனார். தொப்பியில குருவி கூடு கட்டுச்சு. குஞ்சு பறக்கற வரைக்கும் நகரக்கூடாதுன்னு நாங்கதான் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தோம். இன்னைக்கும் அவன் வாசப்படியிலதான் நிப்பான். அங்கருந்து அட்டை தெரியாது.

— ஹெவின் ப்யூ உள்ள வருவாரே! கண்காட்சியைத் திறந்து வைக்கறதே அவர்தான். கறிக்கடைக்காரர், ரக்பி கிளப் தலைவர், கை ஒவ்வொண்ணும் ஆட்டுத்தொடை மாதிரி இருக்கு. அவருக்குக் கீழ ‘அழுமூஞ்சி ஹெவின்’!

— ம். அது கொஞ்சம் சிக்கல்தான்.

— கொஞ்சமா?

— அவன் வளத்த கிடாவைச் சந்தையில விக்கறப்ப அது திரும்பிப் பாத்துச்சு. இவன் அழுதான். இவன் அழறதைப் பாத்துக் கிடா அழுதுச்சு. ஏலம் போடறவர் அழுதார். வாங்க வந்த பதிமூணு பேரும் அழுதாங்க. சந்தையை அன்னைக்கு மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. கேட்டா இவன் ஜலதோஷம்ங்கறான். சத்தியமா.

— மாமா, உங்களை ஒண்ணு கேக்கறேன். இதை நான் சுவத்துல ஏத்தப்போறேன்னு தெரிஞ்சுதானே ஒவ்வொரு பேரா சொன்னீங்க?

— நான் என்ன கனவா கண்டேன்? சின்ன நோட்டு வச்சிருந்த. ஒரு டீ குடிச்சா ஒரு பேர் எழுதிக்குவ. ஏதோ பொண்ணு ஆசையா எழுதிக்கிறான்னு இருந்தேன். காலைல உள்ள வந்து பாத்தா, ஊரே சுவத்துல வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது.

— வேற யாருமே ஒரு பேர்கூடச் சொல்லல. யாரைக் கேட்டாலும் ‘கொரோன்வியைக் கேளு’ன்னு உங்ககிட்டயே அனுப்பினாங்க.

— அனுப்பத்தான் செய்வாங்க. என் தாத்தாவோட தாத்தா இந்தச் சேப்பலுக்கு முதல் கல் சுமந்தவர். ஊர் ஞாபகம் பூரா எங்க குடும்பத்துலதான் இருக்கு. அது சரி, இதென்ன? கடைசியில என் படம். கீழ அட்டை காலியா இருக்கு?

— உங்களோடது மட்டும் எனக்குக் கிடைக்கல. ஏழு பேரைக் கேட்டேன். ஏழு பேரும் ‘கொரோன்வி’ன்னு மட்டும் சொல்லிட்டுச் சிரிச்சாங்க.

— சிரிச்சாங்களா? எப்படிச் சிரிச்சாங்க? லேசாவா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டா?

— மாமா, மணி ரெண்டேகால்!

— சிரிச்சது யார் யாருன்னு மட்டும் சொல்லு.

— தெரியாமத்தான் கேக்கறேன், ரெண்டு பேரும் இப்படிக் கத்தினா கெட்டில்ல தண்ணி எப்படிக் கொதிக்கும்? நான் ஒண்ணும் ஒட்டுக்கேக்கல. பக்கத்து அறையில கப் கழுவிட்டிருந்தேன், கடைசியில கத்தினது மட்டும் காதுல விழுந்துச்சு.

— டெக்வென் அக்கா! நீங்க எப்ப வந்தீங்க?

— சேப்பல் சாவி எங்கிட்ட இருக்கு, நான் எப்ப வேணா வருவேன். கொரோன்வி, அது மேலருந்து கையை எடுங்க. அது பைபிள் இல்ல. பைபிள் தைக்கப் போயிருக்கு. அந்த இடம் காலியா இருக்குன்னு பழைய டெலிபோன் புத்தகத்தை வச்சேன்.

— ஊர்க்காரங்க அத்தனை பேரும் இருக்கற புத்தகம். இதைவிடப் பெரிய சத்தியம் எது?

— ஆகட்டும், தள்ளுங்க. நான் இன்னும் படத்தைப் பாக்கல. ஹாஹா, தும்மலா! ஹெவினைப் பாரு, அழுமூஞ்சியாம். நல்லா வேணும் அவனுக்கு. இது யாரு, மேக்னாவா? ஐயோ, சிரிச்சே என் இடுப்பு...

— அக்கா, அந்தப் பக்கம் போகாதீங்க. அக்கா, மொதல்ல டீ குடிக்கலாமே?

— ஏன், அந்தப் பக்கம் என்ன இருக்கு? அட, நான். நல்லாத்தானே எடுத்திருக்க. கண்ணாடி போடாம வந்துட்டேன், கீழ என்ன... ‘சுவத்துக்காது டெக்வென்.’

— அக்கா...

— மிஸ் மெலெரி ரீஸ், தேநீர் இன்னும் பத்து நிமிடங்களில் தயாராகிவிடும். தங்களுக்குப் பால் சேர்க்கலாமா?

— அக்கா, ஏன் இங்கிலீஷ்ல பேசறீங்க?

— கோப்பைகள் அந்த அலமாரியில் உள்ளன. வேறு ஏதேனும் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்.

— அக்கா, வேண்டாம். திட்டுங்க. எதை வேணா எடுத்து அடிங்க. வெல்ஷ்ல திட்டுங்க அக்கா, தயவுசெஞ்சு.

— டெக்வென், அந்தப் பொண்ணு அழறா பாரு. அவ மேல தப்பில்ல. நீ ஒருதரம் சுவத்துல காது வச்சுக் கேட்டுக்கிட்டே தூங்கிட்ட, காலைல பாத்தா சுவர்த்தாள் பூவெல்லாம் உன் காதுல ஒட்டியிருந்துச்சு, அதனாலதான் ஊர்ல...

— என்னது? இதை யார் சொன்னது?

— நான்தான். கண்ணால பாத்தேன்.

— மெலெரி, இங்க பாரு. கண்ணைத் தொடச்சிக்கிட்டு நேரா பாரு. இந்த ‘சுவத்துக்காது’ நீயா யோசிச்சு எழுதினதில்லயா?

— நான் ஏன் அக்கா யோசிக்கப் போறேன்? மாமா சொன்னார்.

— தும்மல்?

— மாமா.

— வாசப்படி? அழுமூஞ்சி? மேக்னாவுக்குப் போட்டிருக்கியே, அந்தக் கண்றாவி?

— எல்லாமே மாமாதான். முப்பத்தொண்ணும்.

— அடக் கடவுளே. கண்ணு, உக்காரு. மூச்சு விடு. இந்த முப்பத்தொரு பேர்ல ஒண்ணைக்கூட இந்த ஊர்ல யாரும் யாரையும் கூப்பிட்டதில்ல.

— அப்ப பட்டப்பேர்னு ஒண்ணு இங்க இல்லவே இல்லயா?

— ஏன் இல்லாம? ஆளுக்கொண்ணு இருக்கு. ஹெவினோட நிஜப் பட்டப்பேரை நான் இங்க வாய்விட்டுச் சொன்னா சேப்பலைக் கழுவித்தான் விடணும். அதையெல்லாம் வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம். பேர் கேட்டு வர்றவங்களைக் கொரோன்விகிட்ட தள்ளி விட்டுருவோம். நானும்தான் உன்னைத் தள்ளினேன். நல்லா நாலு கதை விடுவார், நீ கேட்டுச் சிரிச்சிட்டுப் போயிடுவன்னு நினைச்சேன். நீ போய் அச்சடிப்பன்னு யார் கண்டா? அது எங்க தப்பு.

— ஆனா மூணு மணிக்கு வர்றவங்களும் இப்ப நீங்க நினைச்ச மாதிரிதானே நினைப்பாங்க? கார்டிஃப்லருந்து வந்தவ நமக்கெல்லாம் பேர் வச்சுட்டான்னு?

— நினைப்பாங்க. அதுக்கும் வழி இருக்கு. அந்தக் கடைசிப் படத்தைக் கழட்டி வாசல்ல மாட்டு. உள்ள வர்றவன் மொதல்ல கொரோன்வி மூஞ்சியைப் பாக்கணும். பாத்தான்னா, மத்த பேரெல்லாம் எந்த வாயிலருந்து வந்துச்சுன்னு அவனுக்கே புரிஞ்சிடும். சிரிச்சு உருளுவான். அதுக்கப்புறமும் உன்கூட எவனாவது இங்கிலீஷ் பேசினா எங்கிட்ட வந்து சொல்லு.

— அக்கா, நீங்க மறுபடி வெல்ஷ்ல பேசறீங்க.

— பின்ன கெட்டில்கிட்டயா பேசுவேன்? மணியாகுது, ஏணியைப் பிடி.

— ஒரு நிமிஷம் அக்கா. மாமாவோட அட்டை காலியா இருக்கே. வாசல்ல மாட்டற படம், கீழ ஏதாவது இருக்கணுமே. அவருக்கு ஊர் என்ன பேர் வச்சிருக்கு?

— டெக்வென், அந்தப் பேச்சு இப்ப வேண்டாம். மழை விட்டுடுச்சு பாரு, நான் போய்க் குடையை...

— இருங்க, எங்கயும் போகாதீங்க. பேனா இருக்கா மெலெரி? அந்த ஏழு பேரும் உன்கிட்ட பொய் சொல்லல.

— ஏழு பேரும் ‘கொரோன்வி’ன்னுதானே சொன்னாங்க?

— அதையே எழுது. இந்த ஊர்ல முகத்துக்கு நேரா கூப்பிடற ஒரே பட்டப்பேர் அதுதான், நாங்க கிண்டலா வச்ச சுத்த வெல்ஷ் பேர். நிஜப் பேர் டெரெக் ஹிக்கின்ஸ், பொறந்தது இங்கிலீஷ்காரங்க நாட்டுல, பர்மிங்காம்ல. நாப்பத்தோரு வயசுல கேரவன் வண்டி பழுதாகி இந்த ஊர்ல நின்னப்ப, இவருக்கு வெல்ஷ்ல ஒரு வார்த்தை தெரியாது.