ரமா தேடிய அணில்

வழவழப்புத் தாள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சார். பிரித்தால் படத்தில் இருப்பவர்களின் முகம் உரிந்து வந்துவிடும். அதனால்தான் அவசரப்பட்டேன்.

என் தங்கை ரமாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டன. பள்ளிக்கூடம் போகவில்லை. மாதம் பிறந்தால் தாம்பரம் ஸ்டேஷன் கடையில் அவளுக்குச் சிறுவர் பத்திரிகை வாங்கி வருவேன். எங்களுக்குக் கதையைவிடப் படம்தான் பெரிது. ராட்சசன் காலில் மெட்டி போட்டிருப்பான். இளவரசியின் புடவைக் கரையில் யானைகள் வரிசையாகப் போகும். ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கும். அந்த ஓவியர் எல்லாப் படத்திலும் ஓர் அணிலை ஒளித்து வைப்பார். ரமா கண்டுபிடித்துக் கை தட்டுவாள். வருஷம் முடிந்ததும் குரோம்பேட்டையில் கொடுத்து பைண்டு பண்ணுவேன். பிறகு அவள் கையில் தருவதில்லை. விரல் ஈரம் படும். நான் புரட்டுவேன், அவள் பார்ப்பாள்.

எண்பத்தைந்து மழையில் காலனிக்குப் பின்னாலிருந்த ஏரி உடைந்தது. மழை விட்டிருந்த பகல் வேளை. தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் பின்வாசலில் ஓர் இரும்பு ஏணிதான். பக்கத்து வீட்டு சம்பத் எங்கள் மாடிக்குத் தாவி வந்து, குனிந்து கை நீட்டினான்.

"அக்காவ மொதல்ல குடு சார்."

கொடுத்ததை வாங்கிப் பார்த்தான். "இன்னா சார் இது, பொஸ்தகம் கீது. அக்கா எங்க?"

"இதோ, அவளும் வருவா" என்றேன். அப்போது அது பொய்யில்லை.

அடுத்த புத்தகக் கட்டை எடுக்கப் போனபோது ரமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, புக்ஸ் போனா போகட்டும். என்னைத் தூக்கிக்கோ."

எதையும் விட்டுக்கொடுக்கிற சுபாவம் அவளுக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சம்பத் இறங்கப் பார்த்தான். ஏணியில் ஒருவர்தான் ஏற முடியும். கட்டோடு நான் நடுவில் நின்றேன்.

"வயி வுடு சார்" என்று கத்தினான்.

"முதல்ல இதைப் பிடிப்பா" என்றேன். அவன் பிடிக்கவில்லை. நான் இறங்கினால் கட்டு நனைந்துவிடும். நானும் நகரவில்லை. தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது, கொஞ்ச நேரத்தில் உள்ளே ரமா கூப்பிடுவது நின்றுவிட்டது.

ஆமாம் சார், வழியை மறித்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்கூட ஒட்டவில்லை. நேற்றுப் புரட்டிப் பார்த்தேன், அணில்தான் அகப்படவில்லை. அதை எப்போதும் அவள்தான் காட்டுவாள். எல்லாவற்றையும் அவளுக்காகத்தானே காப்பாற்றினேன். அந்தப் படங்கள் இல்லாமல் ரமாவால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.