வரமாட்டேன்னு சொல்றவரு

அந்த நாற்காலி வேணாம் மேடம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. ஃபேன் போட்டா கடகடன்னு சத்தம் வரும், பரவால்லயா? வெள்ளத்துல ஊறினதுலேருந்து இந்த வீட்டுல எல்லாமே ஏதோ ஒரு குறையோடதான் ஓடுது, என்னையும் சேத்துத்தான்.

அப்ப நான் புரிஞ்சிக்கிட்டது சரிதானே? வர்ற மாசம் வெள்ள ஒத்திகை. படகு வரும், மைக்குல கூப்பிடுவாங்க, தெருவே வீட்டப் பூட்டிட்டு ஏறி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும். ஒரே ஒரு வீட்டுல மட்டும் ஒருத்தர் வரமாட்டேன்னு அடம் பிடிக்கணும். நெசமா வெள்ளம் வந்தா அப்படி நாலு பேரு இருப்பாங்க, அவங்கள எப்படிப் பேசி ஏத்துறதுன்னு படகுக்காரங்க பழகணுமில்ல, அதுக்கு. அந்த அடம் பிடிக்கிற வேஷம் வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரரோடது. அவரு இல்லாததால இந்த வருஷம் நான் செய்யணும். அவரு நினைவா. இதானே?

ம். அவரு நினைவா.

இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. கோவப்படுறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணுமில்ல. அது உங்க ஆபீஸ் படி ஏறி எறங்கியே தீந்துபோச்சு. உங்களுக்கு முன்னாடி அந்த சீட்டுல இருந்த சாரக் கேட்டுப் பாருங்க, சொல்லுவாரு. இப்ப நீங்க மடியில வச்சிருக்கீங்களே மாவட்டத் திட்டப் புத்தகம், அதுல கடைசிப் பக்கத்துல கற்ற பாடம்னு போட்டு ஒரு வரி இருக்கும் பாருங்க. எடுத்துப் பாருங்க, நான் பாக்கவேண்டியதில்ல, எனக்கு மனப்பாடம். மீட்புக் குழு அழைத்தும் ஒருவர் வர மறுத்ததால் உயிரிழந்தார். பேரு போடல. ஆனா இந்தத் தெருவுல செத்தது ஒருத்தர்தானே. அந்த வரிய எடுத்துடுங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான். ஏன் எடுக்கணும்னு கேட்டாரு. சும்மா எடுங்க சார்ன்னேன். சும்மால்லாம் எடுக்க முடியாதும்மா, காரணம் வேணும்னாரு. திரும்பி வந்துட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி போனேன். மறுபடி அதே கேள்வி.

நீங்களும் காரணந்தான் கேப்பீங்க. தெரியும். முதல்ல டீயக் குடிங்க, ஆறிடும். சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

அவரு டெய்லரு. அந்த மூலைல துணி போத்தி வச்சிருக்கில்ல, அதான் மெஷினு. பலக உப்பி வெடிச்சு, சக்கரம் துருப்பிடிச்சு நின்னுபோச்சு. பழைய இரும்புக்காரன் ரெண்டு தடவ வந்து கேட்டான், குடுக்கல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. தூக்கிப்போடவும் சோம்பல்தான்னு வச்சுக்குங்களேன்.

கை எவ்வளவு ஓடுமோ அதவிட வாய் ஓடும் அந்த மனுசனுக்கு. துணி கேட்டு வர்றவங்களுக்கெல்லாம் நாளைக்குத்தான் பதிலு. அந்த நாளைக்குங்குறதக்கூட ஒரு நாள் சொன்ன மாதிரி இன்னொரு நாள் சொல்லமாட்டாரு. ஒருத்தர் திட்டணும்னே கிளம்பி வருவாரு, போகும்போது சிரிச்சுக்கிட்டே போவாரு. அதனாலதான் முத ஒத்திகையப்போ, மாட்டேன்னு நல்லா சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்னு அதிகாரி கேட்டதும் மொத்தத் தெருவும் இவரக் கைகாட்டுச்சு.

முத வருஷம் வாசக்கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னாரு. எவனோ ஒருத்தன் சட்டைக்கு இன்னும் ஒரு கை வைக்கல, அத அப்படியே விட்டுட்டு வந்தா அவன் தண்ணிக்குள்ள நீந்தி வந்து என் கழுத்தப் புடிப்பான், நான் வரமாட்டேன்னாரு. படகுல இருந்தவங்களுக்குச் சிரிப்பு தாங்கல. அடுத்த வருஷம், சம்சாரம் என்மேல கோவமா இருக்கா, இப்ப வீட்ட விட்டுக் கிளம்பினா பயந்து ஓடிட்டேன்னு ஆயிடும்னாரு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். என் மானத்த வாங்குறதுக்குன்னே யோசிச்சு வைப்பாரு போல. இன்னொரு வருஷம் நேரா படகப் பாத்துக் கைய நீட்டி, அத ஓட்டுறது யாரு, என் மச்சினன். அவன் ஓட்டுற படகுல ஏறுறதுக்குத் தண்ணியே தேவலைன்னுட்டாரு.

ஆமா, என் கூடப்பொறந்த தம்பிதான். மீட்புப் படகுக்கு அவன்தான் லீடரு. நீங்க வரும்போது முனையில பாத்திருப்பீங்க, பைப்ப சரி பண்ணிக்கிட்டு இருந்தான். எங்கம்மா சீக்கிரமே போயிட்டாங்க. அவன் என் இடுப்புல வளந்தவன் மேடம். எனக்குப் புள்ள இல்ல, அந்தக் குறையே தெரியாம இருந்ததுக்கு அவன்தான் காரணம்.

அவன் படகுல நின்னுக்கிட்டு, அத்தான் ஏறுங்க, உங்க கால்ல வேணாலும் விழறேன்னு கெஞ்சுவான். இவரு மேலயும் கீழயும் பாத்துட்டு, எங்க விழு பாப்போம்பாரு. ஊரே மொட்டமாடில ஏறி நின்னு பாக்கும். கடைசில மனசு எறங்கின மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுட்டு ஏறுவாரு. கைதட்டுவாங்க. மாட்டேன் டெய்லர்னே பேராயிடுச்சு. அளவு குடுக்க வர்ற சின்னப் புள்ளைங்ககூட மாட்டேன் மாமான்னுதான் கூப்பிடும்.

அப்புறந்தான் வாட்ச கையில புடிச்சிக்கிட்டு ஒரு ஆபீசர் வந்தாரு. நல்ல மனுசன், குறை சொல்லமாட்டேன். எந்த வீட்டுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறிச்சிக்கிட்டே வந்தாரு. எங்க வீட்டுலதான் நேரம் பூரா போகுது. இவருகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கிற நேரத்துல உள்ள மத்தவங்கள ஏத்திடலாமேன்னாரு. அதுலேருந்து வழிய மாத்திட்டாங்க. சுலபமா வர்றவங்க முதல்ல, அடம் பிடிக்கிற வீடு கடைசில. எங்க வீடு ஆத்துக் கரையோரம், தெரு ஆரம்பத்துல இருக்கு. படகு எங்க வாசலத் தாண்டித்தான் உள்ளயே போகணும். ஆனாலும் தாண்டிப் போய், எல்லாரையும் ஏத்தி அந்தக் கோடில இருக்குற பள்ளிக்கூடத்துல எறக்கிட்டு, கடைசி ரவுண்டுல எங்க வீடு. உங்க புத்தகத்துலயும் அம்புக்குறி அப்படித்தான் போயி முடியும், பாருங்க. இவருக்கு அதுல ஏகப் பெருமை. சண்டக்காட்சி கடைசிலதான வரணும்னு மீசையத் தடவிக்கிட்டாரு.

புத்தியுள்ள ஏற்பாடுதான் மேடம். இல்லன்னு சொல்லல. அதனாலதான் நெசமா வெள்ளம் வந்தப்போ தெரு பூரா பொழச்சுச்சு. படுத்த படுக்கையா இருந்தவங்க, மாசமா இருந்தவங்க, கைக்குழந்தைங்க, ஒருத்தர் விடாம மேல போய்ச் சேந்தாங்க. யாரும் முட்டி மோதல, எங்க ஏறணும் எங்க எறங்கணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. என் தம்பிய மேடையேத்தி மால போட்டாங்க. வேலைய நிரந்தரம் பண்ணாங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்க அவனுக்கு, நிம்மதியா சாப்பிடுதுங்க. அவன் அன்னைக்குத் தூக்கின ஒவ்வொரு ஆளும் இந்தத் தெருவுல நடமாடிக்கிட்டு இருக்காங்க. அத யாரும் குறைச்சுப் பேசக்கூடாது. நானும் பேசமாட்டேன்.

அவரு வர மறுத்தாருன்னு தம்பியே விசாரணைல சொன்னானான்னா? சொல்லல. அவன் எதுவுமே சொல்லல. பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்சுல அவன உக்கார வச்சு, டெய்லர் ஏன் வரலன்னு கேட்டாங்க. அவன் வாயத் தொறக்குறதுக்குள்ள சுத்தி நின்னவங்க எல்லாரும், அவரு மாட்டேன்னு சொல்லியிருப்பாரு சார், எப்பவும் அப்படித்தான்னாங்க. வஞ்சகமா இல்ல. பாவம், விளையாட்டா சொன்ன வார்த்தை அந்த மனுசன் உயிருக்கே வினையாயிடுச்சேன்னு அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. எழுத வந்தவரு எழுதிக்கிட்டாரு. என் தம்பி தலைய நிமித்தவே இல்ல. நான் ஒரு ஓரமா ஈரத்துணியோட உக்காந்திருக்கேன். அவனப் பாத்தேன். வாய மூடிக்கிட்டேன்.

தெனம் விடிஞ்சா வந்துடுவான். தண்ணி புடிச்சு வைப்பான், பல்பு மாத்துவான், பழுதாகாத பைப்பக்கூடக் கழட்டி மாட்டுவான். உக்காருடான்னா உக்காரமாட்டான். சாப்பிடுடான்னா நேரமாச்சுக்காம்பான். அத்தான்ங்குற வார்த்தை அவன் வாய்லேருந்து வந்து எவ்வளவோ காலமாச்சு. எனக்கு அவரு போனது ஒரு வலின்னா இவன் இப்படி நிக்கிறது இன்னொரு வலி. ரெண்டையும் தூக்கிக்கிட்டு நடக்கத் தெம்பில்ல மேடம், அலுத்துப்போச்சு.

அதனால வேஷத்துக்கு வேற ஆளப் பாருங்க. என்னால ஆகாது. எதுத்த வீட்டு ரேஷன் கடைக்காரரக் கேளுங்க, நல்லாவே மாட்டேன்னு சொல்லுவாரு, தொழில்லயே பழக்கம். ஆனா யாரு செஞ்சாலும் அந்த வீட்ட மறக்காம முத ரவுண்டுலயே வச்சுடுங்க. ஒத்திகை முடிஞ்சதும் அந்த வேஷத்தையும் முடிச்சு விட்டுடுங்க. ஒரே ஆள வருஷம் பூரா அந்தப் பேர்லயே கூப்பிட விடாதீங்க. இத மட்டும் உங்க திட்டத்துல சேத்துக்குங்க.

எழுதாதீங்க, கொஞ்சம் பேனாவக் கீழ வைங்க. நீங்க கேட்ட காரணத்தச் சொல்றேன்.

அன்னைக்குக் காலைலயே அவரு கரை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தாரு. வந்ததுலேருந்து பேச்சே இல்ல. எனக்கு அதுதான் பயம், அவரு பேசாம இருந்து நான் பாத்ததில்ல. அவரே பைய எடுத்து என் மாத்திரை, கத்திரிக்கோலு, அளவு டேப்பு எல்லாத்தையும் போட்டாரு. மெஷின மூடினாரு. தெருவுல தண்ணி அப்ப முழங்காலுக்குத்தான். சாயந்திரந்தான் பெருகும்னு மைக்குல சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எல்லாரும் நிதானமாத்தான் இருந்தோம். படகு சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே என் கையப் புடிச்சிக்கிட்டு வாசல்ல வந்து நின்னுட்டாரு.

படகு வந்துச்சு. கைய ஒசத்தி, தம்பி நிறுத்து, நாங்க வர்றோம்னாரு.

சிரிச்சாங்க மேடம். படகுல இருந்த அத்தன பேரும் சிரிச்சாங்க. என் தம்பிதான், என்னத்தான் வசனத்த மாத்திட்டீங்க, உங்க வீடு கடைசில, நிதானமா வந்து கெஞ்சுறேன் இருங்கன்னான். நெசமாத்தான்டா சொல்றேன், வர்றேன்னாரு இவரு. அதுக்கு இன்னும் சிரிப்பு. நானும் கத்தினேன், இஞ்சின் சத்தத்துல கேக்கல. அவங்களுக்குச் சொல்லிக்குடுத்த வழியில அவங்க போயிட்டாங்க. உள்ள போன கொஞ்ச நேரத்துல மேல எங்கயோ கரை ஒடஞ்சு, தண்ணி எங்க பக்கமாத்தான் பாஞ்சுச்சு. திரும்பி வரப் பாத்தாங்க, படகு எதுத்து ஏறல. என் தம்பி குதிக்கப் போனானாம், ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சாங்களாம்.

இவரு என்னத் தோள்ல ஏத்தி சன்ஷேடு மேல தள்ளிவிட்டாரு. வருஷக்கணக்கா மெஷின மெதிச்சு மெதிச்சுத் தேஞ்ச முட்டி, அவரால ஏற முடியல. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. இந்தா வந்துடுவான்னு எனக்குத்தான் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அவன்கிட்ட இதக் கேக்கப் போகாதீங்க மேடம். நான் உங்ககிட்ட சொன்னதும் அவனுக்குத் தெரிய வேணாம். அந்த வரிய எடுக்க முடியாதுன்னா மாத்தியாவது போடுங்க. வர மறுத்ததால்னு இருக்கில்ல, அந்த எடத்துல காத்துக்கிட்டு இருந்தாருன்னு போட்டுடுங்க. யாருக்காகன்னு போட வேணாம்.